"இது என் வீடு இல்ல" என்கிறான் மகன்

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. ஆறு மாதமாக, "இது என் வீடு இல்ல, என் வீட்டுல நீலக் கதவு இருக்கும், நான் தண்ணிக்குள்ள போயிட்டேன்" என்கிறான். மாமியார் அவனை மடியில் வைத்துக்கொண்டு தினமும் இதையே விசாரிக்கிறார். ஆற்றில் மூழ்கி இறந்த ஒரு வாலிபனின் வீட்டையும் கண்டுபிடித்துவிட்டார். அடுத்த வாரம் குழந்தையை அங்கே கூட்டிப் போகப் போகிறாராம். கணவர் பாதி நம்புகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. இது பூர்வ ஜென்ம நினைவுதானா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்தப் பயணத்தைத் தடுத்து நிறுத்துங்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. அதற்காக அவன் சொல்வதெல்லாம் நடந்தது என்றும் ஆகிவிடாது. பார்த்தது, பெரியவர்கள் பேசும்போது காதில் விழுந்தது, கனவில் வந்தது, தானே கற்பனை செய்தது எல்லாம் அந்த வயதில் ஒன்றாகக் கலந்து கிடக்கும். எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கும் பக்குவம் இன்னும் வந்திருக்காது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது நீலக் கதவு அல்ல, "தினமும் விசாரிக்கிறார்" என்பதுதான். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். அநேகமாக இப்படித்தான் இருக்கும்:

"தண்ணின்னா கிணறா கண்ணு, ஆறா?"

"ஆறு."

"அப்ப நீ பெரிய பையனா இருந்தியா?"

"ம்... பெரிய பையன்."

மறுநாள் இதையே மாமியார் இன்னொருவரிடம் சொல்லும்போது, "பெரியவனா இருந்தப்போ ஆத்துல முழுகிட்டேன்னு அவனே சொன்னான்" என்று ஆகியிருக்கும். அவன் சொன்னது 'ஆறு' என்ற ஒரு சொல், அதுவும் பாட்டி நீட்டிய இரண்டில் ஒன்று. மாமியாரையும் குறை சொல்ல மாட்டேன். குழந்தை சொன்ன பதில் நமக்கு ஞாபகம் இருக்கும், நாம் கேட்ட கேள்வி மறந்துபோகும்.

அமெரிக்க உளவியலாளர் ஸ்டீபன் செசியும் அவர் குழுவினரும் 1990களில் இதைச் சோதித்தார்கள். பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைகளிடம், "எலிப்பொறியில் உன் விரல் மாட்டி மருத்துவமனைக்குப் போனாயா, யோசித்துச் சொல்" என்பதுபோல, நடக்கவே நடக்காதவற்றை வாரா வாரம் கேட்டார்கள். சுமார் பத்து வாரம் கழித்து, பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் அப்படி ஒரு சம்பவத்தையாவது நடந்ததாகவே விவரித்தார்கள். அவர்களிடம் கேட்டது வாரம் ஒருமுறை. உங்கள் வீட்டிலோ தினமும்.

"ஆராய்ச்சியே இருக்கிறதே" என்று கணவர் சொல்லக்கூடும். இருக்கிறது. வர்ஜீனியா பல்கலைக்கழக மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் நாடு நாடாக அலைந்து இத்தகைய 2,500க்கும் மேற்பட்ட சம்பவங்களைத் திரட்டினார். நேர்மையான உழைப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் பெரும்பாலான இடங்களில் அவர் போய்ச் சேர்வதற்குள் இரண்டு குடும்பங்களும் சந்தித்துப் பேசி முடித்திருந்தன. பிறகு குழந்தை முன்பே சொன்னது எது, சந்தித்த பின் சேர்ந்தது எது என்று யார் பிரிப்பது? கேள்வி கேட்ட விதத்திலும் கோளாறு இருந்ததாக அவருடைய உதவியாளராக இருந்த சாம்ப் ரான்சமே எழுதினார். சந்திப்புக்கு முன்பே எழுதி வைக்கப்பட்ட சம்பவங்கள் மிகச் சிலதான்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. லெபனானின் துரூஸ் மக்கள், ஆண் ஆணாகவும் பெண் பெண்ணாகவும்தான் மறுபடி பிறப்பார்கள் என்று நம்புகிறார்கள். அங்கே பாலினம் மாறிப் பிறந்ததாகச் சொல்லும் குழந்தை ஸ்டீவன்சனுக்குக் கிடைக்கவில்லை. மாறிப் பிறக்கலாம் என்று நம்பும் பர்மாவில் அப்படிப்பட்ட குழந்தைகள் நிறையவே கிடைத்தார்கள். இது குழந்தையின் நினைவு என்றால், பெரியவர்களின் நம்பிக்கைக்கு ஏற்ப ஏன் வளைகிறது?

மறுபிறவியை நம்புவதும் நம்பாததும் உங்கள் குடும்பத்தின் விருப்பம். அதில் நான் தலையிடவில்லை. இந்தக் குழந்தையின் பேச்சு அதற்குச் சாட்சியாகாது என்று மட்டும்தான் சொல்கிறேன்.

இப்போது அந்தப் பயணம். அங்கே ஒரு தாய் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு இருக்கிறாள். உங்கள் மகனை வாசலில் நிறுத்தினால் அத்தனை பேரும் அவன் முகத்தையே பார்ப்பார்கள். நாலு புகைப்படத்தைக் காட்டி "இதுல நீ யாரு?" என்பார்கள். அவன் விரல் சரியான படத்தை நெருங்கும்போது கூட்டம் மூச்சைப் பிடிக்கும், அது அவனுக்குப் போதும். அந்தத் தாய் இவனை விடவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் தவிப்பாள். இவனுக்கோ, இறந்துபோன ஒருவனாக நடிக்க வேண்டிய வேலை வந்துவிடும்.

இப்படிப் பேசும் குழந்தைகளில் பெரும்பாலோர் ஆறேழு வயதில் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். அதுவரை திட்டவும் வேண்டாம், தூண்டவும் வேண்டாம். அவனாகச் சொன்னால் "அப்படியா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிணறா ஆறா என்று எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். கணவருக்கு ஆவல் அடங்கவில்லை என்றால், ஒரு நோட்டில் தேதி போட்டு, அவன் சொன்ன வார்த்தையையும் அதற்கு முன் யார் என்ன கேட்டார்கள் என்பதையும் அவரே எழுதட்டும். செல்போனில் படம் பிடித்து ஊருக்கு அனுப்புவது வேண்டவே வேண்டாம். தண்ணீரைக் கண்டு அவன் நடுங்கினாலோ, தூக்கத்தில் அலறினாலோ, குழந்தைகள் மனநல மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பேரனை மடியில் வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான். நாளை முதல் அவரே ஒரு கதை சொல்லட்டும், பையன் கேள்வி கேட்கட்டும்.