இழுத்துச் செல்லப்பட்ட வாகனமும் கட்டிய பணமும்: வாசகர் கேள்விகள், சட்டப் பதில்கள்

கேள்வி: வங்கி ஒன்றின் எதிரே சாலையோரத்தில் காரை நிறுத்திவிட்டு உள்ளே சென்றேன். அங்கே ‘நோ பார்க்கிங்’ பலகை எதுவும் இல்லை. முன்னும் பின்னும் வேறு கார்களும் நின்றிருந்தன. திரும்பி வந்தபோது காரைக் காணவில்லை. தரையில் சாக்பீஸால் போக்குவரத்துக் காவல் நிலையத்தின் பெயர் எழுதியிருந்ததைப் பக்கத்துக் கடைக்காரர் காட்டிய பிறகுதான், வண்டி திருட்டுப் போகவில்லை என்று மூச்சு வந்தது. நிலையத்தில், அபராதத்தையும் அதைப்போல் பல மடங்கான இழுவைக் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டினால்தான் வண்டி கிடைக்கும் என்றார்கள். கட்டினேன், ஆனால் ரசீதில் அபராதம் மட்டுமே இருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் முன்பக்க பம்பரின் அடிப்பகுதி விரிசல் விட்டிருக்கிறது. பணத்தையும் சேதத்துக்கான இழப்பீட்டையும் கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம். உங்கள் கடிதத்தில் அபராதம், இழுவைக் கட்டணம், பம்பருக்கான இழப்பீடு என்று மூன்று தொகைகள் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, கேட்க வேண்டிய இடமும் வேறு என்பதால், மூன்றையும் ஒரே புகாரில் கொட்டாமல் தனித்தனியாக எழுதுங்கள்.

வாகனத்தை இழுத்துச் செல்லும் அதிகாரம் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவிலிருந்து வருகிறது. பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வாகனத்தையும், நிறுத்துவதற்குச் சட்டப்படி தடை விதிக்கப்பட்ட இடத்தில் நிற்கும் வாகனத்தையும் இழுத்துச் செல்லவோ சக்கரத்தைப் பூட்டவோ, அந்தப் பகுதியில் அதிகார வரம்பு உள்ள, சீருடையில் இருக்கும் காவல் அலுவலர் உத்தரவிடலாம் என்கிறது அந்தப் பிரிவு. உத்தரவு சீருடை அணிந்த காவலரிடமிருந்து வர வேண்டும்; இழுவை வண்டியில் வரும் ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கு எந்த வண்டியைத் தூக்குவது என்று தாங்களே முடிவு செய்யும் உரிமை கிடையாது. உங்கள் கார் தூக்கப்பட்டபோது காவலர் யாராவது உடன் இருந்தாரா என்பதை, வங்கியின் கண்காணிப்புக் கேமரா பதிவே சொல்லிவிடும். அந்தப் பதிவுகள் சில நாட்களில் தாமாக அழிந்துவிடக்கூடியவை என்பதால், நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டு, அவற்றைப் பாதுகாத்து வைக்கும்படி வங்கி மேலாளருக்கு இன்றே ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பலகை இல்லாதது உங்களுக்குச் சாதகமான வாதம்தான் என்றாலும், அது மட்டுமே உங்களைக் காப்பாற்றிவிடும் என்று நம்ப வேண்டாம். சாலைச் சந்திப்பு, வளைவு, நடைபாதை, பாதசாரிகள் கடக்குமிடம், பேருந்து நிறுத்தம், வாயில்களின் முன்புறம் போன்ற இடங்களில் பலகை இல்லாவிட்டாலும் வாகனம் நிறுத்தக் கூடாது என்பது சாலை விதி. உங்கள் கார் நின்ற இடம் இவற்றில் எதிலும் சேராது என்றால், அந்தச் சாலையில் தடை விதித்த ஆணை எது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ், 10 ரூபாய் கட்டணத்துடன் காவல்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். தடை ஆணையின் நகல், அன்றைய தினம் இழுவை வண்டியில் பணியில் இருந்த அலுவலரின் பெயரும் பதவியும், இழுவை ஒப்பந்தத்தின் நகல், அதில் ஒப்புக்கொள்ளப்பட்ட கட்டண விவரம், உங்கள் வாகன எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் எழுதப்பட்டிருப்பது ஆகிய ஐந்தைக் கேட்டால் போதும். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். “ஏன் இழுத்தீர்கள்?” என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் கேள்விக்குப் பதில் தராமல் நழுவுவது எளிது. ஆவணத்தைக் கேட்டால் இருக்கிறது அல்லது இல்லை என்று சொல்லித்தான் ஆக வேண்டும், ‘இல்லை’ என்ற பதில் சில சமயம் ஆவணத்தைவிட உங்களுக்கு அதிகம் பயன்படும்.

இனி அபராதம். அதை நிலையத்திலேயே கட்டி முடித்துக்கொள்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அப்படிக் கட்டினால் அந்தக் குற்றத்தைப் பற்றிய நடவடிக்கை அத்துடன் முடிந்துவிடும். குற்றத்தை மறுக்க நினைப்பவர் கட்டாமல், நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் கட்டிவிட்டீர்கள் என்பதால், இந்தத் தொகையை விட்டுவிடுவதே என் ஆலோசனை. மூன்றில் இதுதான் சிறியது. திரும்பக் கிடைக்கும் வாய்ப்பும் இதற்குத்தான் குறைவு.

இழுவைக் கட்டணத்தின் கதை வேறு. 127-ஆம் பிரிவின்படி வாகனம் அகற்றப்பட்டால் அதற்கான செலவு உரிமையாளரைச் சேரும் என்பது உண்மை. போக்குவரத்துக்கு இடையூறாக வாகனம் நிறுத்துவது பற்றிய 201-ஆம் பிரிவும், அகற்றிய செலவையும் வைத்துக் காத்த செலவையும் வசூலிக்க இடமளிக்கிறது. ஆனால் அந்தச் செலவு அரசு அங்கீகரித்த அமைப்பு, நிர்ணயித்த விகிதத்தில், ரசீதுடன் வாங்குவதாக இருக்க வேண்டும். ரசீதில் வராத பணம் எந்தக் கணக்கிலும் சேராது என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. வண்டியைக் கைவசம் வைத்துக்கொண்டு, கட்டினால்தான் தருவேன் என்று மிகையாக வாங்கும் பணத்தைப் பற்றி 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு தெளிவாகப் பேசுகிறது: தவறுதலாலோ வற்புறுத்தலாலோ செலுத்தப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும். அதற்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு உங்கள் நிலையை ஒத்திருக்கிறது. ரயில் நிறுவனம் ஒன்று, சட்டவிரோதமான கட்டணத்தைக் கட்டினாலொழியச் சரக்கைத் தர மறுக்கிறது. சரக்குக்கு உரியவர் அதைக் கட்டி எடுத்துக்கொள்கிறார். சட்டத்துக்குப் புறம்பாக எவ்வளவு மிகையோ அவ்வளவையும் அவர் திரும்பப் பெறலாம். கார் என்ற வண்டியே வராத காலத்தில் எழுதப்பட்ட இந்த வரிகள், இழுவை வண்டிக்காகவே எழுதியவைபோல இருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு.

ஆகவே, நிலையப் பொறுப்பு ஆய்வாளருக்கும் காவல் ஆணையர் அலுவலகத்துக்கும் ஒப்புகைச் சீட்டுடன் கூடிய பதிவுத் தபாலில் எழுதுங்கள். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எவ்வளவு தொகை, யாரிடம், எந்த வகையில் கொடுத்தீர்கள் என்பதும், ரசீதில் அந்தத் தொகை இல்லை என்பதும் அதில் இருக்கட்டும். கைப்பேசி வழியாக அனுப்பியிருந்தால், பணம் யாருடைய கணக்குக்குச் சென்றது என்பது பரிவர்த்தனை விவரத்திலேயே இருக்கும். அது தனிநபர் ஒருவரின் கணக்காக இருந்தால், கடிதத்தின் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

பம்பர் சேதத்துக்கு வருவோம். அரசு தன் கைவசம் எடுத்த வாகனத்தைப் பொறுப்புடன் பாதுகாக்கக் கடமைப்பட்டது என்பதை உச்ச நீதிமன்றம் 1967-ஆம் ஆண்டிலேயே, குஜராத் மாநில அரசுக்கும் மேமன் மஹோமத் ஹாஜி ஹசன் என்பவருக்கும் இடையிலான வழக்கில் உறுதி செய்திருக்கிறது. சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்த வாகனங்கள் பாதுகாப்பின்றிக் கிடந்து பாழான வழக்கு அது. இரு தரப்புக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டாலும், ஒப்படைக்கப்பட்ட பொருளை வைத்திருப்பவருக்கு உள்ள பொறுப்பு அரசுக்கும் உண்டு என்று நீதிமன்றம் கூறியது. உங்களிடம் உள்ள சிக்கல் சட்டத்தில் இல்லை, சான்றில் இருக்கிறது: விரிசலை வீட்டுக்கு வந்த பிறகே பார்த்ததால், அது வழியில் நேர்ந்தது என்று மறுதரப்பு சொல்லும். முன்பக்கத்தைத் தூக்கும்போது கொக்கியோ பட்டையோ பதிந்த இடத்தில் பெயிண்ட் உரிந்திருக்கும். ஹேண்ட் பிரேக் போட்ட நிலையில் பின்சக்கரங்கள் தரையில் தேய்ந்து வந்திருந்தால், டயரில் ஓர் இடம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருக்கும். பழுது பார்ப்பதற்கு முன் இவற்றைப் படம் எடுத்து, சர்வீஸ் சென்டரில் சேதத்தின் காரணத்தையும் குறிப்பிட்டு மதிப்பீடு எழுதி வாங்குங்கள். நீதிமன்றம் செல்வதாக இருந்தால், அரசு மீது வழக்குத் தொடுப்பதற்கு முன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி இரண்டு மாத அறிவிப்பு கொடுக்க வேண்டும். பம்பரின் அடிப்பகுதிக்காக மட்டும் அவ்வளவு தூரம் போவது பொருளாதாரக் கணக்கில் ஒத்துவராது. கியர்பாக்ஸ் போன்ற பெரிய சேதம் என்றால் தயங்காமல் போகலாம். முழுக் காப்பீடு இருந்தால் அதில் கேட்கலாம், ஆனால் ‘நோ கிளெய்ம் போனஸ்’ போய்விடும் என்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

கேள்வி: என் ஸ்கூட்டரை நியாயமின்றி எடுத்துச் சென்றுவிட்டார்கள். பணம் கட்டினால் தவறை ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும் என்று நண்பர்கள் சொல்வதால், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வழக்குப் போடலாமா என்று நினைக்கிறேன்.

பதில்: வேண்டாம், முதலில் வண்டியை வெளியே எடுங்கள். வைத்துக் காத்த செலவு என்ற பெயரில் தொகை ஏறிக்கொண்டே போகும். வெயிலிலும் மழையிலும் நிற்கும் வண்டியின் நிலையும் கெடும். இழுவைக் கட்டணத்தைக் கட்டும்போது, ரசீதின் அலுவலகப் பிரதியிலும் உங்கள் பிரதியிலும் “ஆட்சேபத்துடன், வண்டியைப் பெறுவதற்காக மட்டும் செலுத்தப்படுகிறது” என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். எழுத விடாவிட்டால், வாசலுக்கு வந்தவுடன் அதே வாசகத்தை நிலையத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பிய நேரம் சான்றாக நிற்கும்.

அபராதத்தைக் கட்டினால்தான் வண்டி என்று சொன்னால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 207-ஆம் பிரிவைப் பணிவாகக் குறிப்பிடலாம். வாகனத்தைப் பிடித்து வைப்பதற்கு அங்கே சொல்லப்பட்டிருக்கும் காரணங்கள், ஓட்டுநர் உரிமம், பதிவு, பெர்மிட் தொடர்பானவை. வாகனம் நிறுத்திய தவறு அந்தப் பட்டியலில் இல்லை. கவுன்டரில் இருப்பவர் இதைக் கேட்டுக்கொள்வார் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். உதவி ஆணையர் அளவில் கேட்டுக்கொள்வதற்கு வாய்ப்பு அதிகம்.

கேள்வி: வணிக வளாகம் ஒன்றில், கட்டணம் செலுத்தி நிறுத்திய காரின் சக்கரத்தைக் கோட்டுக்கு வெளியே நின்றதாகச் சொல்லி அங்குள்ள காவலாளிகள் பூட்டிவிட்டார்கள். அவர்கள் கேட்ட ‘அபராதத்தை’ கட்டிய பிறகே திறந்தார்கள். இது சரியா?

பதில்: சரியில்லை. சக்கரத்தைப் பூட்ட 127-ஆம் பிரிவு அதிகாரம் தருவது காவல் அலுவலருக்கு மட்டுமே. அபராதம் விதிக்கும் அதிகாரம் எந்த வளாகத்தின் காவலாளிக்கும் கிடையாது. நீங்கள் கட்டணம் செலுத்தியவர் என்பதால் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர். எனவே உங்களுக்கு நுகர்வோர் ஆணையம் திறந்திருக்கிறது. நுழைவுச் சீட்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் நிபந்தனைகளைக் காட்டுவார்கள். ஒருதலைப்பட்சமான நிபந்தனையைக் கேள்விக்குட்படுத்த நுகர்வோர் சட்டத்தில் இடமுண்டு. அந்தச் சீட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

இதையொட்டி இன்னொன்று. வீட்டு வாசல்களிலும் கடை முகப்புகளிலும் தொங்கும் ‘இங்கே நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்’ என்ற பலகைகள் போக்குவரத்துக் குறியீடுகள் அல்ல. அரசோ அரசு அங்கீகரித்த அமைப்போ வைத்தவற்றுக்குத்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 116-ஆம் பிரிவின்படி அந்தத் தகுதி உண்டு. ஆனால் அடுத்தவர் வாயிலை அடைத்து நிறுத்துவது, பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் விதிமீறலே. காற்றைப் பிடுங்க அவருக்கு உரிமையில்லை. அங்கே நிறுத்த உங்களுக்கும் உரிமையில்லை.

கேள்வி: நெடுஞ்சாலையில் விபத்து நடந்து கார் ஓட முடியாமல் நின்றது. நாங்கள் அழைக்காமலேயே ஒரு கிரேன் வந்தது. பதற்றத்தில் சம்மதித்துவிட்டோம். அவர்களுடைய ஷெட்டில் கொண்டுபோய் விட்ட பிறகு, கிலோமீட்டர் கணக்கு, இரவுக் கட்டணம், ஷெட் வாடகை என்று பெரும் தொகை கேட்கிறார்கள். பில்லும் தர மறுக்கிறார்கள்.

பதில்: இது காவல்துறை விவகாரம் இல்லை, ஒரு தனியார் சேவையோடு உங்களுக்குள்ள தகராறு. விலை பேசாமல் சம்மதித்திருந்தாலும், நியாயமான தொகையைத்தான் அவர்கள் கேட்க முடியும். அருகிலுள்ள இரண்டு கிரேன் சேவைகளிடம் அதே தூரத்துக்கான கட்டணத்தை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கினால், எது நியாயம் என்பதற்கு அளவுகோல் கிடைத்துவிடும். பில் தர மறுப்பதை, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். அழைப்பு போனதும் பல ஷெட்களில் பேச்சின் தொனி மாறிவிடுகிறது. மாறாவிட்டால், முன்பு சொன்னதுபோல ஆட்சேபத்தை எழுதிவிட்டுப் பணத்தைக் கட்டிக் காரை எடுத்து, சம்பவ நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தாக்கல் செய்யுங்கள். வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் நீதிமன்றக் கட்டணமும் இல்லை.

விபத்து என்பதால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே தெரிவியுங்கள். சொந்தச் சேதத்தையும் உள்ளடக்கிய வழக்கமான பாலிசி வாசகத்தில், அருகிலுள்ள பழுதுபார்க்கும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுசெல்லும் செலவு, தனியார் காருக்கு 1,500 ரூபாய் வரையிலும் இருசக்கர வாகனத்துக்கு 300 ரூபாய் வரையிலும் சேர்க்கப்பட்டிருக்கும். அது சிறிய தொகைதான். சாலை உதவி என்ற கூடுதல் பாதுகாப்பை வாங்கியிருந்தால், அந்த நிறுவனத்தின் வண்டியே வந்து எடுத்துச் சென்றிருக்கும். பாலிசியின் கடைசிப் பக்கங்களில் அந்தத் தொலைபேசி எண் இருக்கிறதா என்று பாருங்கள். தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண்ணை அழைத்தால், ரோந்து வண்டியும் தேவைப்பட்டால் கிரேனும் அனுப்ப ஏற்பாடு உண்டு. இந்த இரண்டு எண்களும் கைப்பேசியில் இருந்தால், கேட்காமல் வந்து நிற்கும் கிரேன்காரரிடம் “வேறு வண்டி வருகிறது” என்று சொல்லி அனுப்பிவிடலாம்.