நேர வகையை 64 பிட்டாக்க ஒரு வரியைத் திருத்தினால் போதுமா?

காசிமேட்டு ஐஸ் கிடங்குகளுக்கு வெப்பநிலைப் பதிவுக் கருவி செய்வதாகவும், அதில் 32 பிட் லினக்ஸ் ஓடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நேரத்தை எத்தனை பிட் எண்ணாகச் சேமிப்பது என்று சொல்லும் நேர வகையை (time_t) வரையறுக்கும் வரியை மட்டும் மாற்றினால் 2038 சிக்கல் தீருமா என்பது உங்கள் கேள்வி.

தீராது. 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணிவரும் 32 பிட் எண் 2,147,483,647-இல் நிரம்பிவிடும். இந்திய நேரப்படி அது 2038 ஜனவரி 19, காலை 8:44:07. அடுத்த விநாடி கருவி 1901-க்குப் போய்விடும்.

கடினம் அந்த வரியில் இல்லை, அதை நம்பி ஏற்கெனவே தொகுக்கப்பட்ட, அதாவது இயந்திர மொழிக்கு மாற்றப்பட்ட, நிரல்களில் இருக்கிறது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் 8 பைட் (64 பிட்) எழுதும்போது பழைய நிரல் 4 பைட்டுக்கே (32 பிட்) இடம் வைத்திருந்தால், மீதி 4 பைட் பக்கத்துத் தரவின் மேல் விழும். பிழைச்செய்தி எதுவும் வராது, அதுதான் கொடுமை.

ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் 2014-இல் 5.5 பதிப்பில் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றியது. பழைய நிரல்களை மறுபடி தொகுத்தே ஆகவேண்டும் என்றது. கெர்னலும் அடிப்படை நிரல்களும் ஒரே குழுவின் கையில் இருந்ததால் அது சாத்தியமாயிற்று. அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். லினக்ஸோ, நிரல்கள் கெர்னலிடம் நேரம் கேட்கும் பழைய அழைப்புகளை வைத்துக்கொண்டே புதியவற்றைச் சேர்த்தது.

ஆகவே, கெர்னல் 5.6-உம், லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி (glibc) 2.34-உம் அல்லது அவற்றுக்குப் பிந்தையவையும் வேண்டும். 64 பிட் நேரத் தேர்வை இயக்கி, நூலகங்கள் அனைத்தையும் சேர்த்துத் தொகுங்கள். பிறகு கருவியின் கடிகாரத்தை 2038 ஜனவரி 19 காலை 8:40-க்கு வைத்துக் காத்திருங்கள். தண்டையார்பேட்டையில் நாங்கள் அப்படிச் சோதித்தபோது கெர்னல் தாண்டிவிட்டது. எங்கள் பதிவுக் கோப்புதான் சிக்கியது: நேரத்துக்கு 4 பைட் ஒதுக்கியிருந்தோம்.