பற்று என்றால் விறகு

கேள்வி: எல்லாம் நிலையில்லாதது, பற்றை விடு என்று புத்தர் சொன்னதாக ஒரு சொற்பொழிவில் கேட்டேன். 2004 சுனாமியில் வீடும் போய், மூத்த பிள்ளையும் போய், உடுத்த உடுப்போடு நின்றவள் நான். இனி விடுவதற்கு என்னிடம் என்ன கிடக்கு? பிறகு சேர்த்த கொஞ்ச நகை இருக்கிறது. அதையும் விட வேணுமா?
– ஒரு வாசகி, நாவலடி

பதில்: நகையை வைத்திருங்கள் சகோதரி. சிகாலன் என்ற இளைஞனுக்குப் புத்தர் கொடுத்த கணக்கு இது: வருமானத்தை நாலாகப் பிரி, ஒரு பங்கைச் செலவழி, இரண்டு பங்கைத் தொழிலில் போடு, நாலாவது பங்கை ஆபத்துக்கென்று எடுத்து வை. இன்னொரு முறை தீகஜாணு என்ற குடும்பஸ்தர் வந்து, “நாங்கள் பிள்ளைகுட்டியோடு, பொன் வெள்ளியோடு வாழ்பவர்கள், எங்களுக்குப் பொருந்துவதைச் சொல்லுங்கள்” என்றார். உழைத்துச் சேர்த்ததை அரசன், கள்வன், தீ, வெள்ளம், வேண்டாத வாரிசு ஆகிய ஐந்திடமிருந்தும் காத்துக்கொள் என்பது அவருக்குக் கிடைத்த பதிலில் ஒரு பகுதி. வெள்ளத்திலிருந்து காக்கச் சொன்னவர், நீங்கள் வெள்ளத்துக்குப் பிறகு சேர்த்ததை எறியச் சொல்வாரா?

என்னைப் பிடித்துக்கொண்டது உங்கள் கேள்வியில் இருக்கும் ‘பற்று’ என்ற சொல். கடைக்காரர் பற்று எழுதுகிறார். காசு கட்டினால் பற்றுச்சீட்டு தருகிறார்கள். அடுப்பைப் பற்ற வைக்கிறோம், கூரையில் தீப்பற்றுகிறது. சொற்பொழிவாளர்கள் இதில் கையால் பிடிக்கிற பற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, கையைத் திற, பொருளை விடு என்கிறார்கள். புத்தர் பேசியது அடுப்பங்கரைப் பற்றை. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாளியில் அவர் சொன்ன சொல் உபாதான. அதற்குப் பிடிப்பு என்றும் பொருள், எரிபொருள் என்றும் பொருள். இரண்டையும் ஒரே சொல்லில் தாங்குவதற்குத் தமிழில் ‘பற்று’ இருப்பது நமக்குப் பெரிய கொடுப்பினை.

அவர் சொன்ன உவமையைப் பாருங்கள். பத்து வண்டி, இருபது, முப்பது, நாற்பது வண்டி விறகு எரிகிற ஒரு பெருந்தீ. ஒருவன் இடைக்கிடை வந்து காய்ந்த புல்லையும் வரட்டியையும் விறகையும் அதில் போட்டுக்கொண்டே இருக்கிறான். தீ நெடுங்காலம் எரிகிறது. அவன் போடுவதை நிறுத்தினால், முன்பு போட்டது எரிந்து தீர, புதியது இல்லாமல், தீ தானாக அவிந்துவிடும். நிப்பான, அதாவது நிர்வாணம், என்பதற்கு நேர்ப்பொருளும் இந்த அவிதல்தான். நெருப்போடு யாரும் மல்லுக்கட்டத் தேவையில்லை. எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்று நம் வீட்டுக் கிழவிகள் சொன்னதும் இதே பாடம்.

இழப்பதும் விடுவதும் ஒன்று என்று எண்ணித்தான் ‘இனி என்ன கிடக்கு’ என்று கேட்கிறீர்கள். கடல் கொண்டுபோனது வீட்டை. அடுப்பு உள்ளே எரிகிறது. எப்படி எரிகிறது என்பதற்கு மணிமேகலை, ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடரும் பன்னிரண்டு தமிழ்ச் சொற்கள் தருகிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். பௌத்தம் நமக்கு அந்நியம் என்று வாதாட வருகிறவர்களிடம் இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்ப நீட்டுவது இந்தப் பன்னிரண்டு சொற்களைத்தான். ‘நுகர்வு’ என்பதை மட்டும் எடுத்துப் பாருங்கள். பாளியில் அது வேதனா. இன்பம், துன்பம், இரண்டுமற்றது என்ற மூன்றுக்கும் அது பொது. அதே சொல் தமிழில் ‘வேதனை’ என்று நோவாகக் குறுகிவிட்டது. மணிமேகலை அந்தக் குறுகலுக்குள் விழாமல் ‘நுகர்வு’ என்றது. நல்ல மொழிபெயர்ப்பு என்றால் இது.

மாரி தொடங்கிக் கடல் இரைகிறது என்று வைத்துக்கொள்வோம். சத்தம் காதில் விழுவது ஊறு. நெஞ்சு இறுகுவது நுகர்வு. இந்த இரண்டையும் யாராலும் தடுக்க முடியாது, தடுக்கச் சொல்லவும் இல்லை. ‘இந்தச் சத்தம் ஒழிய வேணும்’ என்று மனம் முறுகுவது வேட்கை. பிறகு, ‘அன்றைக்குக் காலையில் நான் பிள்ளையை ஏன் வெளியே விட்டேன், ஐந்து நிமிடம் முன்னே ஓடியிருந்தால்’ என்று வரிசையாக வருகிறதே, அதுதான் பற்று. ஒவ்வொரு ‘ஏன்’னும் அந்த அடுப்பில் விழும் ஒரு சிரட்டை. வெட்டுகிற இடம் நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் இருக்கிறது. நெஞ்சு இறுகியதும் ‘இறுக்கம்’ என்று அறிந்து, அது எவ்வளவு நேரம் நிற்கிறது, எங்கே தளர்கிறது என்று பார்த்தால், அடுத்த சிரட்டை விழச் சுணங்கும்.

பிழை விடுகிற இடமும் அடுப்பில் தெரியும். ஊதி அணைக்கப் போனால் சுவாலை எழும்பும். துக்கத்தை விரட்டு விரட்டு என்று விரட்டுவது அப்படி. விட்டே தீருவேன் என்ற முரட்டு ஆசையும் வேட்கைதான், அதற்கு விபவ தண்ஹா, இல்லாமற்போக வேணும் என்கிற வேட்கை, என்று பேரும் இருக்கிறது. இன்னொரு பிழை, ‘நான் எல்லாம் விட்டுட்டன்’ என்று மேலே சாம்பலைப் போட்டு மூடுவது. தீப்பெட்டி அரிதாக இருந்த காலத்தில், விடியும் வரைக்கும் நெருப்பைக் காப்பாற்றுவதற்காகவே தணலைச் சாம்பலால் மூடினார்கள்!

அதனால், செத்த வீட்டு வாசலில் நின்று ‘எல்லாம் அநித்தியம், அழாதே’ என்று சொல்பவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. அம்பாறைப் பக்கம் சிங்கள ஊர்களில் சாவு வீட்டின் முன்னால் கட்டும் வெள்ளைத் துணியில் ‘அனிச்சா வத சங்காரா’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆக்கப்பட்டவை நிலையற்றவை என்று பொருள். அது நாலடிப் பாட்டின் முதல் துண்டு மட்டும். தோன்றி மறைவது அவற்றின் இயல்பு, தோன்றியவை ஒடுங்குகின்றன என்று போய், அவற்றின் அமைதி சுகம் என்று பாட்டு முடிகிறது. முதல் துண்டோடு நிறுத்துபவர்கள் பாதி மருந்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

விடுதல் எந்த இடத்தில் வருகிறது என்றும் பாருங்கள். மூச்சைக் கவனிக்கும் பயிற்சியைப் புத்தர் பதினாறு படிகளாக வகுத்தார்: உடலுக்கு நாலு, நுகர்வுக்கு நாலு, மனத்துக்கு நாலு, தம்மத்துக்கு, அதாவது பொருள்களின் இயல்பைக் காண்பதற்கு, நாலு. நீண்ட மூச்சை நீண்டது என்று அறிவது முதல் படி. உடலைத் தணிப்பது நாலாவது. மனத்தை மகிழ்விப்பது பத்தாவது, ஆம், மகிழ்விப்பது. நிலையாமையைக் காண்பது பதின்மூன்றாவது. பிறகு சாயம் வெளிறுவதுபோல ஆசை மங்குவது, ஒடுங்குவது, கடைசியாகப் பதினாறாவதில் கைவிடுவது. பன்னிரண்டு படி ஏறி மனம் ஆறிய பிறகு பார்க்க வேண்டிய நிலையாமையை, பிள்ளையைப் பறிகொடுத்தவளின் முகத்தில் முதல் நாளே எறிவது எந்த வகைத் தம்மம்?

புத்தர் காலத்துப் பெண் படாசாராவின் கதை உங்களுக்கு நெருக்கமானது. புயல் இரவில் கணவனைப் பாம்பு தீண்டியது. கைக்குழந்தையைப் பருந்து தூக்கியது. மூத்த மகனை ஆறு இழுத்தது. தாய் வீட்டுக்குப் போனால், வீடு இடிந்து தாயும் தகப்பனும் சகோதரனும் ஒரே சிதையில் எரிகிறார்கள். புத்தி பேதலித்து, உடுப்பு நழுவியதும் தெரியாமல் புத்தர் தங்கியிருந்த ஜேதவனத்துக்கு வந்தாள். சனங்கள் தடுத்தார்கள். புத்தர் வரவிட்டார். அவர் சொன்ன முதல் வார்த்தை, “சகோதரி, நினைவுக்கு வா.” பக்கத்தில் நின்ற ஒருவர் தன் மேலாடையை எறிந்து கொடுத்தார். உபதேசம் அதற்குப் பிறகுதான்.

பிக்குணியான பின் ஒரு நாள் கால் கழுவ ஊற்றிய தண்ணீர் மண்ணில் ஓடி வற்றுவதைப் பார்த்திருந்தாள். முதல் வார்ப்பு கிட்டவே வற்றியது, அடுத்தது கொஞ்சம் தள்ளி, மூன்றாவது இன்னும் தூரம். சிறு வயதில், நடு வயதில், முதுமையில் போகிற உயிர்கள் அவளுக்கு அந்த ஈர மண்ணில் தெரிந்தன. அன்று விளக்கோடு அறைக்குப் போய், படுக்கையைப் பார்த்து உட்கார்ந்து, ஊசியை எடுத்துத் திரியை எண்ணெய்க்குள் இழுத்தாள். விளக்கு அவிந்ததுபோல என் மனம் விடுபட்டது என்று பிக்குணிகளின் பாட்டுத் தொகுப்பான தேரீகாதையில் அவளே பாடியிருக்கிறாள். அவள் ஊதவில்லை, திரியை இழுத்தாள்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேள்விக்கு அடியில் கிடப்பது அதுதான் என்று நினைக்கிறேன். பிள்ளையை மறக்க வேண்டியதில்லை. படாசாராவிடம் திரும்பப் பெறச் சொன்னது ஸதியை. அந்தச் சொல்லுக்கு முதற்பொருளே நினைவு. மார்கழியில் பிள்ளையின் பெயரைச் சொல்லி விளக்கேற்றுங்கள், அவனுக்குப் பிடித்ததைச் சமைத்து நாலு பேருக்குக் கொடுங்கள். ‘நான் ஏன் அன்றைக்கு’ என்ற சிரட்டை மட்டும் கைக்கு வரும்போது, அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வையுங்கள்.