மேகத்தைப் பார்த்து மழையைச் சொல்ல முடியுமா?

கேள்வி: மேகத்தின் வடிவத்தை மட்டும் வைத்து மழை வருமா, வராதா என்று கணித்துவிட முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும், ஆனால் ஒரே ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொல்வது பெரும்பாலும் பொய்த்துப்போகும். இன்ன வடிவம் என்பதைவிட, அந்த வடிவம் அரை மணி நேரத்தில் எப்படி மாறியிருக்கிறது என்பதுதான் நமக்குத் துப்பு தருகிறது. 1802-இல் லூக் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர், கீற்று, திரள், படை என்று மேகங்களை வகைப்படுத்தியபோதே, ஒரு வகை இன்னொன்றாக மாறும் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

காலையில் தோன்றும் திரள் மேகங்களைக் கவனியுங்கள். அவற்றின் அடிப்பாகம் ஒரே மட்டமாக இருக்கும்; மேலெழும் ஈரக்காற்று குளிர்ந்து, நீராவி துளிகளாகத் தொடங்கும் உயரம் அதுவே. மேகத்தின் உயரம் அகலத்தைவிடக் குறைவாகவே இருக்கும் வரை மழைக்கு வாய்ப்பில்லை. நண்பகலுக்குள் அது கோபுரமாக எழும்பி, உச்சி காலிஃபிளவர் பூவைப் போல விளிம்பு தெளிந்து பொங்கிக்கொண்டிருந்தால், உள்ளே காற்று வேகமாக மேலேறுகிறது என்று பொருள். பிறகு அந்தக் கூரிய விளிம்பு மங்கி, நார் நாராகக் கலையத் தொடங்கினால், உச்சியிலுள்ள நீர்த்துளிகள் பனித்துகள்களாக மாறிவிட்டன என்று கொள்ளலாம். இறுதியில் உச்சி மேலே செல்ல வழியின்றித் தட்டையாகப் பரவும். வானிலையாளர்கள் இதைப் பட்டறைக்கல் என்கிறார்கள். இடியும் மின்னலும் தரும் கார்திரள் மேகம் இதுவே. இது நம்மை நோக்கி நகர்கிறதா, விலகிச் செல்கிறதா என்பதை வடிவம் சொல்லாது. அதைத் தனியாகத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மேகம் கறுத்திருந்தும் பல நேரங்களில் மழை பெய்வதில்லையே, ஏன்?

பதில்: கறுப்பு என்பது தடிமனின் அடையாளமே தவிர, மழைக்கான உத்தரவாதம் அன்று. சூரியன் பின்னால் இருந்தால் சாதாரண மேகமும் கறுத்துத் தெரியும். மேகத்துளியின் குறுக்களவு சுமார் 0.02 மி.மீ.; 2 மி.மீ. அளவுள்ள ஒரு மழைத்துளி உருவாக அத்தகைய பத்து லட்சம் துளிகள் ஒன்றுசேர வேண்டும். சேர்ந்து விழுந்தாலும், கீழே காற்று வறண்டிருந்தால் வழியிலேயே ஆவியாகிவிடும். அப்போது மேகத்தின் அடியிலிருந்து சாம்பல் நிறத் திரை தொங்குவதையும், அது தரையைத் தொடாமலே மறைவதையும் காணலாம்.

கேள்வி: நிலவைச் சுற்றித் தெரியும் வட்டத்தை வைத்து ‘அகல வட்டம் பகல் மழை’ என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: கையை முழுதாக நீட்டி, விரல்களை விரித்து, கட்டைவிரலால் நிலவை மறைத்துப் பாருங்கள், வட்டம் ஏறக்குறைய சுண்டுவிரல் நுனியில் விழுந்தால், அது 22 பாகை ஆரமுள்ள ஒளிவட்டம். உயரத்திலுள்ள மெல்லிய கீற்றுப்படை மேகத்தின் பனிப்படிகங்களில் ஒளி விலகுவதால் அது உண்டாகிறது. வெப்பக் காற்று முகப்புகள், அதாவது குளிர்காற்றின் மேல் வெப்பக் காற்று ஏறி முன்னேறும் எல்லைகள், கடந்துசெல்லும் மிதவெப்பப் பகுதிகளில், இம்மேகத்தைத் தொடர்ந்து மேகப்படலம் தடித்துத் தாழ்ந்துகொண்டே வந்து, ஒரு நாளுக்குள் மழை பெய்வதுண்டு. வெப்பமண்டலத்திலோ, எங்கோ பெய்து ஓய்ந்த கார்திரள் மேகத்தின் எச்சமும் இதே வட்டத்தைக் காட்டக்கூடும் என்பதால், அங்கே இந்தப் பழமொழியை அவ்வளவாக நம்ப முடியாது. நிலவை ஒட்டியே தெரியும் சிறிய வண்ண வளையம் வேறு; அது நீர்த்துளிகளால் உண்டாவது.