சுண்ணாம்பு அடித்த சுவர்

அன்புள்ள ஐயா,

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் எங்கள் தோட்டம் செம்பனைக்கு மாறியதும் ஆட்கள் கிள்ளான், ஜொகூர் என்று சிதறிப்போனார்கள். அவர்களுக்காக 11 வருடம் ஒரு சமூக ஊடகத்தில் குழு நடத்தினேன். போன மாதம் காரணம் சொல்லாமல் மூடிவிட்டார்கள். கோயில் திருவிழாப் படங்கள் எல்லாம் போயின. மஸ்தடோன் என்ற இன்னொரு சமூக ஊடகத்துக்கு மாறச் சொல்கிறான் நண்பன். எந்த சர்வரில் சேர்வதென்றே புரியவில்லை. இலவசமாக எது நல்லது? அம்மாவுக்கு மலிவாக ஒரு கைப்பேசியும் சொல்லுங்கள்.

ச., கூலிம்

அன்புள்ள தம்பி,

கைப்பேசிக்கு அம்மாவையே கடைக்குக் கூட்டிப் போங்கள். அவர் கண்ணுக்கு எழுத்து தெரிவதை வாங்குங்கள்.

மஸ்தடோன் 2016இல் வந்தது. ஆளாளுக்கு ஒரு சர்வர் நடத்தலாம். மின்னஞ்சல் மாதிரி, ஒன்றில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரோடு பேசலாம். அதனால் எதில் சேர்வது என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். ஆனால் உங்கள் நண்பர் ஒன்றைச் சொல்லவில்லை. சர்வர் மாறினால் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வராது. நடத்துகிறவர் சலித்துப்போய் மூடினால் உங்கள் திருவிழா மறுபடியும் போகும்.

என்னைச் சுட்டது ‘இலவசமாக’ என்ற சொல்.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்த லயத்து வீடும் இலவசம்தான் தம்பி. தீபாவளிக்குத் தீபாவளி அப்பா அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார். பின்னால் ஒத்தாப்பு இறக்கினார், கோழிக்கூண்டு கட்டினார், முருங்கை வைத்தார். 1983இல் தோட்டம் கைமாறியது. காலி செய்யச் சொல்லித் தாள் வந்தது. கடைசி நாள் காலையிலும் அம்மா வாசலைக் கூட்டிக் கோலம் போட்டார். அது எங்கள் சுவர் இல்லை என்பது 19 வயதில் அன்றுதான் எனக்கு உறைத்தது.

அப்பாவுக்கு முன்பே தெரியும். தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தைப் பார்த்தவர். நம் ஊர்க்காரர், ம.இ.கா. கட்சித் தலைவராக இருந்த சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் வெட்டிய காசில் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு வாங்கியவர். அடுத்த வருடமே சங்கம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. அப்பா அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் “அங்க நமக்கும் மண்ணு இருக்குய்யா” என்பார். சுண்ணாம்பு அடித்த வீட்டைப் பற்றி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

நீங்கள் 11 வருடம் அடுத்தவன் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறீர்கள். ஒரு தடவையாவது அந்தப் படங்களை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வைத்தீர்களா? ஊரார் நம்பிக் கொடுத்த படங்கள் அவை. மூடியவர்கள் செய்தது அநியாயம், சரி. உங்கள் அலட்சியத்துக்கு யாரைக் கேட்பது?

40 குடும்பம் சேராதா? மாதம் 10 வெள்ளி என்றால் 400. நீங்களும் ஒரு சங்கம் வைத்து, அதன் பெயரில் ஒரு டொமைன் (இணைய முகவரி), வாடகைக்குச் சின்ன சர்வர், இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று கூலிமில் இருக்கட்டும், ஒன்று கிள்ளானில். தாராளமாகப் போதும். அதில் மஸ்தடோனை ஓட்டுங்கள், வேறெதையாவது ஓட்டுங்கள், எனக்கு அக்கறையில்லை. டொமைன் யார் பெயரில் இருக்கிறது, கடவுச்சொல் என்கிற சாவி யாரிடம், கணக்கு எழுதுவது யார் என்பதை முதலில் பேசி முடியுங்கள். ஒருவரிடம் மட்டும் சாவியைக் கொடுக்காதீர்கள், அது நீங்களாகவே இருந்தாலும்.

என் சின்னம்மாவைக் கட்டிக்கொடுத்தது உங்கள் தோட்டத்தில்தான். 1974 திருவிழாவில் எடுத்த படம் இரண்டு என் பெட்டியில் இருக்கின்றன. இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், நகல் எடுத்துக்கொள்ளலாம். அம்மாவையும் அழைத்து வாருங்கள். தேர் பக்கத்தில் நிற்பவர்களில் பாதிப் பேரை எனக்கு அடையாளம் தெரியவில்லை.