ரோஸ்மில்க் நிறத்தில் கியர் ஆயில்: ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்களின் கேள்வி பதில்

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. பாதிப் பேர் கேள்வியே கேட்கவில்லை, வயிற்றெரிச்சலைக் கொட்டியிருக்கிறார்கள். அதுவும் நியாயம்தான். குடும்பத்தோடு போக ஏழு சீட்டு வண்டி என்று கடன் போட்டு வாங்கி, தவணை முடிவதற்குள் கியர் பாக்ஸுக்கு மூன்று லட்சம் எஸ்டிமேட் வந்தால் யாருக்குத்தான் எரியாது?

எட்டு வருடம் சவுதியில் தம்மாமில் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிகளைப் பிரித்து மாட்டினேன். பிறகு ராமநாதபுரத்தில் பட்டறை. கம்பெனி பெயர்களை எல்லாக் கேள்விகளிலிருந்தும் எடுத்துவிட்டேன். வெளியே பேட்ஜ் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது பல நேரம் ஒரே தயாரிப்பாளரின் பெட்டிதான்.

கீழக்கரை: அண்ணே, 78,000 கிலோமீட்டர் ஓடிய டீசல் ஆட்டோமேட்டிக். இரண்டிலிருந்து மூன்றாவது கியர் மாறும்போது பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி குலுங்குகிறது. முழு கியர் பாக்ஸையும் மாற்ற வேண்டும், 3,40,000 ரூபாய் என்கிறார்கள். "இதில் லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்று சொல்லித்தான் விற்றார்கள்.

பாய், அந்த லைஃப்டைம் யாருடைய லைஃப் என்று கேட்டீர்களா? வாரண்டியின் ஆயுள்தான் அது என்று எங்கள் தொழிலில் கிண்டலாகச் சொல்வோம். பெட்டி தயாரிக்கும் இசட்எஃப் கம்பெனியே தன் ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், இல்லை எட்டு வருடத்துக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. வெயிலும் ஏசியும் ஏழு பேர் பாரமுமாக ஓடும் நம் ஊர் வண்டிக்கு 60,000-லேயே மாற்றிவிடுங்கள் என்பேன்.

உங்கள் எஸ்டிமேட்டுக்கு வருவோம். பெட்டியைத் திறந்து பார்த்தார்களா, ஸ்கேனர் மாட்டியதோடு சரியா? முதலில் அதைக் கேளுங்கள். பி0700 என்ற எரர் கோடு வந்தது என்று சொன்னால், 'பெட்டிக்குள் ஏதோ கோளாறு' என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. கூடவே வேறு கோடு இருக்கும், அதை எழுதி வாங்குங்கள். பெட்டிக்கு அடியில் இருக்கும் ஆயில் பேனைக் கழற்றி உள்ளே இருக்கும் காந்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். காந்தத்தில் மை போல மெல்லிய சேறு படிந்திருந்தால் அது சாதாரணத் தேய்மானம். ஊசி ஊசியாக இரும்புச் சில்லு நின்றால் உள்ளே உண்மையிலேயே அடி வாங்கியிருக்கிறது. ஒரு கியர் மாற்றத்தில் மட்டும் இடிக்கிறது, சில்லு இல்லை என்றால் பல நேரம் குற்றவாளி வால்வ் பாடியோ (ஆயிலைத் தேவையான இடத்துக்குப் பிரித்து அனுப்பும் பாகம்), அதில் இருக்கும் ஒரு சொலினாய்டோதான் (கரண்டில் திறந்து மூடும் வால்வ்). அதைத் தனியாக மாற்றலாம். முழுப் பெட்டிக்கு ஆகும் செலவில் ஒரு பங்குதான் வரும்.

ஏர்வாடி: மூன்று வாரமாக வண்டி இழுக்கவில்லை. எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. உள்ளூர் மெக்கானிக் கியர் ஆயிலை இறக்கினால் ரோஸ்மில்க் மாதிரி வருகிறது. போட்டோ அனுப்பியிருக்கிறேன்.

போட்டோவைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது தம்பி. இந்தக் கடற்கரையில் நான் அதிகம் பார்க்கும் சாவு இது.

ஏடிஎஃப் என்ற ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் புதிதாக இருக்கும்போது தெளிந்த சிவப்பாக இருக்கும், நன்னாரி சர்பத் மாதிரி. அதில் கூலன்ட்டோ தண்ணீரோ கலந்தால்தான் இப்படிப் பால் கலந்த ரோஸ் நிறம் வரும். நிறைய வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் ஆயில், மறு பக்கம் கூலன்ட், நடுவில் மெல்லிய தகடு. தகடு அரித்து ஓட்டை விழுந்தால் இரண்டும் கலக்கும். எஞ்சினை நிறுத்திய பிறகும் ரேடியேட்டருக்குள் பிரஷர் நிற்கும், அது கூலன்ட்டைக் கியர் பாக்ஸுக்குள் தள்ளிவிடும். உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை காகிதம் போன்ற பொருள். தண்ணீரும், கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் என்ற ரசாயனமும் பட்டால் பசை விட்டு உரிந்து வந்துவிடும். உரிந்த பிறகு நீங்கள் எத்தனை ஆயில் மாற்றினாலும் பிடிக்காது.

சரி, தகடு ஏன் அரித்தது? ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தபோது என்ன ஊற்றினீர்கள்? வீட்டு போர் தண்ணீர்தானே? ஏர்வாடி போர் தண்ணீரில் டீ போட்டால் திரிந்துவிடும், அதை அலுமினியத்துக்குள் ஊற்றினால் என்ன ஆகும்! உப்புத் தண்ணீர் உள்ளேயிருந்து பொடிப்பொடியாகக் குழி பறிக்கும். காவிரித் தண்ணீர்கூட வேண்டாம். ரெடிமிக்ஸ் கூலன்ட் ஒரு லிட்டர் வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள். வழியில் வேறு வழியில்லை என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்.

உங்கள் பெட்டியைப் பிரித்து கிளட்ச் செட், சீல், கூலர், ரேடியேட்டர் எல்லாம் மாற்ற வேண்டியிருக்கும். எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரையும் விடக் கூடாது, அதற்குள்ளும் அந்த ரோஸ்மில்க்தான் நிற்கிறது. இதைப் படிக்கும் மற்றவர்கள் இன்றைக்கே பானட்டைத் திறந்து கூலன்ட் டப்பாவைப் பாருங்கள். மேலே எண்ணெய்ப் படலமோ கொழகொழப்போ இருந்தால் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். அந்த நிலையில் பிடித்தால் பெட்டி பிழைக்க வாய்ப்பு உண்டு.

ராமேஸ்வரம்: என்னுடையது டூயல் கிளட்ச். சனி, ஞாயிறு பாம்பன் பாலத்தில் மாட்டினால் 'டிரான்ஸ்மிஷன் ஹாட்' என்று எச்சரிக்கை வருகிறது. சர்வீஸில் 'எல்லாம் நார்மல்' என்கிறார்கள்.

பாலத்தின் நடு மேட்டில் ரயில் பாலத்தைப் பார்க்க ஆளாளுக்கு வண்டியை ஓரங்கட்டி செல்ஃபி எடுப்பார்கள், பின்னால் நாம் அங்குலம் அங்குலமாக ஊர்வோம். இரண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிக்கும் டூயல் கிளட்சுக்கு, அதுவும் ஆயிலில் முங்காத டிரை கிளட்சுக்கு, இதைவிடக் கொடுமை கிடையாது. அந்த ஊர்தலில் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே இருக்கிறது. மேட்டில் பிரேக் மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தி வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் தங்கள் கிளட்சைத் தாங்களே பொரிக்கிறார்கள்.

முன்னால் இரண்டு வண்டி நீளம் இடைவெளி விட்டு பிரேக்கில் நில்லுங்கள். இடம் கிடைத்ததும் ஒரே தடவையாக நகருங்கள். பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும். எச்சரிக்கை வந்தால் ஓரம் கட்டி, பார்க்கில் போட்டு, எஞ்சினை ஓடவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். ஒவ்வொரு முறை எச்சரிக்கை வரும்போதும் டேஷ்போர்டைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். 'நார்மல்' என்று சொன்னவர்கள் நாளைக்கு 'நீங்கள் தப்பாக ஓட்டினீர்கள்' என்பார்கள், அப்போது கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

உச்சிப்புளி: காலையில் மூன்றாவது கியரிலேயே மாட்டிக்கொள்கிறது. பத்து மணிக்கு மேல் எடுத்தால் ஒரு தொல்லையும் இல்லை. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

பேய் இல்லை, உப்பு. இந்த விஷயத்தில் என் தலையில் நானே மண்ணைப் போட்ட கதை ஒன்று உண்டு. பட்டறை ஆரம்பித்த புதிதில் இதே மாதிரி ஒரு வண்டி வந்தது. ஸ்கேனரில் மூன்று சொலினாய்டு கோடு. தம்மாம் அனுபவம் தலைக்கேறியிருந்த நேரம், வால்வ் பாடியை மாற்றிவிட்டேன். ஒரு வாரத்தில் வண்டி திரும்பி வந்தது, அதே கோளாறு. அப்புறம்தான் கீழே படுத்து, பெட்டியில் செருகியிருக்கும் வயரிங் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன். பின்களில் பச்சை பூத்திருந்தது, பழைய செப்புக் குடத்தில் பூக்குமே, அதே களிம்பு. இராத்திரி கடல் காற்றின் ஈரம் அந்த உப்பில் இறங்கினால் கரண்ட் தடுமாறும். வெயில் ஏறியதும் காய்ந்து சரியாகிவிடும். பழைய டூத் பிரஷும் கான்டாக்ட் கிளீனரும் போதுமாக இருந்தது. வால்வ் பாடி காசை அந்தக் குடும்பத்துக்கு நாலு தவணையில் திருப்பிக் கொடுத்தேன்.

பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு அந்தக் கனெக்டரையும் எர்த் வயரையும் முதலில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சீல் கிழிந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். வேறு எதற்கும் அதற்கு முன்னால் காசு கொடுக்காதீர்கள்.

மண்டபம்: வண்டியில் மீன் பெட்டி ஏற்றினால் கியர் பாக்ஸ் கெடுமா? வீட்டில் சண்டை.

கெடும் என்று நேராகச் சொல்ல முடியாது. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தரை விரிப்புக்குள் இறங்கி வயரிங்கையும் தகரத்தையும் தின்னும். தார்ப்பாயும் தட்டும் போட்டு ஏற்றுங்கள். வீட்டில் சண்டை நாற்றத்துக்காக என்றால் என்னிடம் மருந்து இல்லை.

சாயல்குடி: மூக்கையூர் கடற்கரை மணலில் சிக்கி, டிராக்டர் வைத்து நாலு கிலோமீட்டர் இழுத்து வந்தோம். அன்றிலிருந்து ரிவர்ஸ் விழ நேரம் எடுக்கிறது.

இரண்டு தப்பு சேர்ந்துவிட்டது. மணலில் சக்கரம் சுற்றச் சுற்ற மிதித்திருப்பீர்கள். வண்டி நகராமல் எஞ்சின் கொடுக்கும் சக்தியில் நிறைய டார்க் கன்வெர்ட்டரில் சூடாக மாறும். கொஞ்ச நேரத்தில் ஆயில் கருகிவிடும். அடுத்து, எஞ்சின் நின்றிருக்கும்போது இழுத்தது. கியர் பாக்ஸ் ஆயில் பம்ப் எஞ்சின் ஓடினால்தான் ஓடும். சக்கரம் உருளும், ஆயில் வராது, உள்ளே காய்ந்தபடி தேயும். ஆட்டோமேட்டிக்கைத் தட்டையான ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வருவதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டியவர்களைக் கேளுங்கள், மணல் பாடம் நடத்துவார்கள். சிக்கியதும் காலை எடு. இறங்கித் தோண்டு. டயர் காற்றைப் பாதியாகக் குறை. சக்கரத்துக்கு அடியில் பனைமட்டையோ சாக்கோ போடு. ரோடு ஏறியதும் காற்று அடி. இவ்வளவுதான். உங்கள் வண்டிக்கு இப்போது ஆயிலை மாற்றிப் பாருங்கள், கருகல் வாடை அடித்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டியதுதான்.

தொண்டி: பெட்டி போய் ரீகண்டிஷன் பெட்டி போட்டோம். ஏழு மாதத்தில் அதுவும் போய்விட்டது.

கூலரை மாற்றினார்களா? பழைய பெட்டியின் இரும்புத் தூள் கூலருக்குள் தங்கியிருக்கும். புதுப் பெட்டியை மாட்டி ஸ்டார்ட் பண்ணியதும் அத்தனையும் உள்ளே போகும். பில்லை எடுத்துப் பாருங்கள், கூலர் மாற்றியதாக எழுதியிருக்கவில்லையென்றால் பொறுப்பு அவர்களுடையது.

தேவிபட்டினம்: தம்பி, நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். பேசாமல் மேனுவலே வாங்கியிருக்கலாமோ?

முழங்கால் வலி இல்லையென்றால் வாங்கியிருக்கலாம் சார். ஆனால் டீசல் மேனுவலிலும் கிளட்சும், எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் டூயல் மாஸ் ஃபிளைவீலும் சேர்ந்து போனால் பில் சின்னதாக வராது. ஏஎம்டி என்பது மேனுவல் பெட்டிமேல் ஒரு மோட்டார் கை வைத்தது, ரிப்பேர் சுலபம், குலுங்கும். ராமநாதபுரம் வரை போய் வரும் உங்களுக்கு அதுவே போதும்.

ராமநாதபுரம்: 18 லட்சம் கொடுத்து வாங்கியது. வாரண்டிக்குள்ளேயே பெட்டி போனது. 'வெளிப்புறப் பாதிப்பு, உப்பு அரிப்பு' என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். கடற்கரை ஊரில் ஷோரூம் வைத்து விற்றவர்கள் இவர்கள்!

உங்கள் கடைசி வரியையே புகாரின் முதல் வரியாக எழுதுங்கள்.

மறுப்பை வாயால் சொன்னால் ஏற்காதீர்கள், மெயிலில் கேளுங்கள். ஜாப் கார்டு, ஸ்கேன் ரிப்போர்ட், ஆயிலின் போட்டோ, எல்லா சர்வீஸ் பில்லும் ஒரு ஃபைலில் இருக்கட்டும். காசு கட்டித்தான் வண்டியை எடுக்க வேண்டிய கட்டாயம் என்றால், 'ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு எடுங்கள். கழற்றிய பழைய பெட்டியை அவர்களிடம் விடாதீர்கள், அதுதான் சாட்சி. வழக்கு என்று போனால் நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். சில நேரம் அந்த அளவிலேயே இறங்கி வருவார்கள். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 18 லட்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், 'பார்க்கலாம் சார்' என்று இழுத்தடிப்பவர்களிடம் அந்தக் காலத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

இன்சூரன்ஸை நம்ப வேண்டாம். சாதாரண பாலிசி தானாகக் கெட்ட பெட்டிக்குக் காசு தராது. வெள்ளத் தண்ணீர் புகுந்தால்கூட எஞ்சின், கியர் பாக்ஸுக்குத் தனி ஆட்-ஆன் எடுத்திருந்தால்தான் நிம்மதி. ஐப்பசி மழைக்கு முன்னால் பாலிசியை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

பெரியபட்டினம்: அண்ணா, வீட்டுக்காரர் வெளிநாட்டில். வண்டி மாதத்தில் இரண்டு தடவைதான் எடுப்பேன். எடுத்ததும் கியர் விளக்கு எரிகிறது. சர்வீஸ் சென்டரில் 'சாரை வரச் சொல்லுங்க மேடம்' என்கிறார்கள்.

சார் வர வேண்டியதில்லை தங்கச்சி. முதலில் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். நின்றே கிடக்கும் வண்டியில் பேட்டரி இறங்கும். வோல்டேஜ் குறைந்தால் கியர் கம்ப்யூட்டர் இல்லாத கோளாறையெல்லாம் சொல்லும். எஞ்சின் ஆஃபில் 12.4-க்குக் கீழே காட்டினால் சார்ஜ் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். விளக்கு போய்விட்டால் இனி வாரத்துக்கு ஒரு தடவை உச்சிப்புளி வரை போய் வாருங்கள்.

விளக்கு போகவில்லையென்றால், கியர் ஆயிலை இரண்டு சொட்டு வெள்ளை டிஷ்யூவில் வைத்துத் தரச் சொல்லுங்கள், உங்கள் கண் முன்னால். பழுப்புச் சிவப்பு என்றால் பழசு, மாற்றினால் போதும். கறுத்துக் கருகல் வாடை அடித்தால் எனக்குப் போட்டோ அனுப்புங்கள். அந்த டிஷ்யூவைப் பார்க்காமல் எந்த எஸ்டிமேட்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.