ஆட்டோகிராஸ் நோவிஸ் கிளாஸில் ஜெயித்துக்கொண்டிருக்கிறேன், எப்போது ஓப்பன் கிளாஸுக்கு மாறலாம்?

ஆட்டோகிராஸ் என்றால் கோன்கள் வைத்து அமைத்த பாதையில் ஒவ்வொருவராக நேரத்துக்கு எதிராக ஓட்டும் கார் பந்தயம். அமெரிக்காவில் எஸ்சிசிஏ என்ற கார் பந்தய அமைப்பு சோலோ என்ற பெயரில் நடத்தும் ஆட்டோகிராஸ் பந்தயங்களை வைத்துச் சொல்கிறேன், நான் ஓட்டுவது அங்கேதான். நோவிஸில், அதாவது புதியவர்களுக்கான பிரிவில், இரண்டு மூன்று முறை முதலிடம் வந்துவிட்டீர்கள் என்றால் அடுத்த பந்தயத்திலேயே ஓப்பனுக்கு, அதாவது உங்கள் வண்டி வகைக்கு உரிய சொந்த கிளாஸுக்கு, மாறிவிடுங்கள். சீசன் முடியட்டும் என்று உட்கார்ந்தால் வருடக் கடைசியில் ஒரு கோப்பை கிடைக்கும், அவ்வளவுதான்.

நோவிஸில் பெரும்பாலும் எல்லா வகை வண்டியையும் ஒன்றாகப் போட்டு, ஓடிய நேரத்தை பேக்ஸ் எண்ணால் (வண்டி வகைகளுக்கு இடையிலான வேக வித்தியாசத்தைச் சமன்செய்யும் எண்) பெருக்கி வரிசைப்படுத்துவார்கள். 0.800 என்று எண் உள்ள வண்டி 60 வினாடியில் ஓடினால் கணக்குக்கு 48 வினாடி. இதில் நீங்கள் ஒருவரை ஜெயித்தால் அது உங்கள் ஓட்டமா, அவருடைய பழைய டயரா, அவர் பாதையை மறந்துபோய்த் தடுமாறியதா என்று ஒன்றும் பிடிபடாது. சொந்த கிளாஸுக்குப் போய்ப் பாருங்கள், உங்களுடையது போலவே ஒரு மாஸ்டா மியாட்டா கார், அதே 200 டிரெட்வேர் (தேய்மான எண்) டயர், அதே வெயில், ஆனால் இரண்டு வினாடி முன்னால் நிற்கும். காரணம் சொல்ல வண்டியில் ஒன்றுமே மிச்சமிருக்காது, நம் ஓட்டத்தைத்தான் பார்த்தாக வேண்டும். எனக்கு அதுதான் பெரிய லாபமாகப் படுகிறது.

சரி, அந்த இரண்டு வினாடி எங்கே போகிறது? புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் பிரேக்கை இன்னும் தாமதமாகப் பிடிக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறார்கள், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது கோனுக்கும் வண்டிக்கும் நடுவே விடுகிற இடைவெளியை. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு வினாடியில் சுமார் 16.7 மீட்டர் நகரும். கோனை விட்டுத் தள்ளிப் போவதால் ஒவ்வொரு கோனிலும் அரை மீட்டர் அதிகமாகச் சுற்றுகிறீர்கள், பாதையில் அப்படி 20 கோன் இருக்கிறது என்றால் 10 மீட்டர் கூடுதலாக ஓடுகிறீர்கள், அதற்கே 0.6 வினாடி போய்விடும். நல்ல கிளாஸில் 0.6 வினாடிக்குள் நாலைந்து பேர் இருப்பார்கள். கோன் விழுந்தாலோ, சுற்றி வரைந்த கட்டத்தை விட்டு முழுதாக வெளியே போனாலோதான் 2 வினாடி அபராதம். உரசி ஆடிவிட்டு அதே இடத்தில் நின்றால் ஒன்றுமில்லை. முன்னணியில் இருப்பவர்களின் பம்பர் ஓரத்தில் ஆரஞ்சு நிறத் தீற்றல் இருக்கிறதா என்று பாருங்கள், இருக்கும்.

அப்புறம் ஸ்லாலம், அதாவது வரிசையாக நிற்கும் கோன்களுக்கு நடுவே இடமும் வலமுமாக வளைந்து போகும் பகுதி. கோன் பக்கத்தில் வந்த பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பினால் அடுத்தடுத்த கோனில் தாமதம் சேர்ந்துகொண்டே போய்க் கடைசிக் கோனில் ஆக்சிலரேட்டரை விட்டே ஆக வேண்டி வரும். கோனைத் தாண்டும்போதே வண்டி அடுத்த பக்கம் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும், அதற்குக் கண் எப்போதும் இரண்டு கோன் முன்னால் இருக்க வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது கஷ்டம். வேகமானவர் பக்கத்து சீட்டில் ஒரு ஓட்டம் உட்கார்ந்து போங்கள், கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். உங்கள் முறை இல்லாதபோது கோன் எடுத்து வைக்கும் வேலைக்கு நிற்பீர்கள் அல்லவா, வேகமான கிளாஸ் ஓடும் நேரத்தில் ஸ்லாலம் பக்கம் இடம் கேட்டு வாங்கி நின்று, பிரேக் விளக்கு எங்கே எரிகிறது, எங்கே அணைகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

வண்டிக்கு இப்போதே பணம் கொட்டாதீர்கள். வண்டியில் குறைந்த மாற்றங்களையே அனுமதிக்கும் ஸ்ட்ரீட் பிரிவில் ஷாக் அப்சார்பரும், முன்னாலோ பின்னாலோ ஒரு ஆன்ட்டி ரோல் பாரும் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) மாற்றலாம்தான், ஆனால் நல்ல டயர் இல்லாமல் அவற்றை வாங்குவது வீண் செலவு. முதல் செலவு டயர், அடுத்தது நுழைவுக் கட்டணம்.

இன்னொன்று, உள்ளூரில் ஐந்தாவது, ஆறாவது ஓட்டத்தில் வரும் நல்ல நேரத்தை நம்ப வேண்டாம். நெப்ராஸ்காவின் லிங்கனில் நடக்கும் நேஷனல்ஸ் என்ற தேசியப் போட்டியில் இரண்டு நாள், இரண்டு பாதை, ஒவ்வொன்றிலும் 3 ஓட்டம்தான், இரண்டின் சிறந்த நேரத்தையும் கூட்டித்தான் முடிவு. அதனால் பாதையை நடந்து பார்க்கும்போது கூட்டத்தோடு பேசிக்கொண்டு போகாமல் தனியாக ஒரு சுற்று போங்கள், சில இடங்களில் டிரைவர் சீட்டின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள், அங்கிருந்து கோன் வரிசை வேறு மாதிரித் தெரியும். வீட்டுக்கு வந்து முடிவுப் பட்டியலைப் பார்க்கும்போது முதல் மூன்று ஓட்டத்தை மட்டும் எடுத்து, கிளாஸில் ஜெயித்தவரின் முதல் மூன்றோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள்.